ஆறாம் நம்பர் பெட் மருமகன்

அன்பு மகளுக்கு,

போனில் நீ அழுதபோது என்னால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியவில்லை. உன் அப்பா வேறு பக்கத்தில் நின்று "நர்ஸ் வேலையை விட்டுட்டு வரச் சொல்லு" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். நைட் டூட்டி முடிந்து, தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு படி.

ஆறாம் நம்பர் பெட் அம்மாவுக்குச் சளியை உறிஞ்சி எடுக்க நீ சக்‌ஷன் போடும்போது அந்த மருமகன் செல்போனில் படம் எடுத்தான், "எங்க அத்தையைச் சித்திரவதை பண்றாங்க" என்று ஐசியூவே அதிரக் கத்தினான் என்றாய். அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவன் கண்ணில் என்ன பட்டிருக்கும், யோசி. தொண்டையில் டியூப். நீ உள்ளே குழாயை விட்டதும் அந்த அம்மா இருமுகிறார், முகம் சிவக்கிறது, கண்ணில் நீர் வழிகிறது, ஆக்சிஜன் அளவு இறங்கி அலாரம் அடிக்கிறது. கை இரண்டும் கட்டிலோடு கட்டியிருக்கிறது. சளியை எடுக்காவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும், அரை மயக்கத்தில் டியூபைப் பிடுங்கிவிடுவார் என்றுதான் கட்டியிருக்கிறோம் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அவனுக்கு யார் சொன்னார்கள்?

சொந்தக்காரர்கள் உள்ளே இருக்கும்போது சக்‌ஷன் போட்டே ஆக வேண்டுமென்றால், "அம்மாவுக்குச் சளி எடுக்கப்போறேன். இருமுவாங்க, பார்க்கக் கஷ்டமா இருக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். வெளிய நிக்கிறீங்களா, இருந்து பார்க்கிறீங்களா?" என்று முதலில் கேட்டுவிடு. பாதிப் பேர் தாமாக வெளியே போய்விடுவார்கள். இருந்து பார்க்கிறவர்கள் அடுத்த முறை உனக்காக மற்றவர்களிடம் பேசுவார்கள்.

நான் நர்ஸாக இருந்த அரசு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வந்ததில் பாதி பூச்சிமருந்து குடித்த கேஸ்கள். விஷத்தை முறிக்க அட்ரோபின் மருந்து ஓடிக்கொண்டிருக்கும். நெஞ்சு படபடக்கும், வாய் காயும், கண்மணி விரியும். அளவு கொஞ்சம் கூடினால் பையன் கண்டபடி உளறுவான், போர்வையைப் பிய்ப்பான். "நல்லாப் பேசிட்டிருந்த பிள்ளையைப் பைத்தியமாக்கிட்டீங்களேடி" என்று அப்பன்காரன் எகிறிக்கொண்டு வருவான். முந்தின ராத்திரி அந்தப் பையனைப் பார்த்து "செத்துத் தொலை" என்று ஏசியதே அவன்தான் என்பது, பையன் தேறத் தொடங்கிய பிறகு வெளியே வரும். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஐசியூ வாசலில் உரக்கக் கத்துகிறவனுக்கு வீட்டில் ஏதோ கணக்கு பாக்கி இருக்கும். ஆறாம் பெட் மருமகனுக்கு என்ன பாக்கியோ, நமக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கோபம் உன் பெயருக்கு வந்ததில்லை.

எனக்குக் கவலை, சுவரோரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எதையும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றித்தான். டாக்டரும் நாமும் கத்துகிறவனுக்கே பதில் சொல்லிச் சொல்லி, பெற்ற மகள் யாரென்றே தெரியாமல் போய்விடும். அந்த அம்மாவின் மகளிடம் யாராவது பேசினீர்களா?

உன்னுடையது தனியார் ஆஸ்பத்திரி. அங்கே எங்களுக்கு இல்லாத ஒரு தொல்லை, பில். 'செத்த பிறகும் மிஷின்ல வச்சுக் காசு பார்க்கிறாங்க' என்று ஊரே பேசுகிறது. அந்தச் சந்தேகத்தோடு வருகிறவனிடம் வாதம் செய்யாதே, காட்டு. மிஷின் மூச்சைத்தான் கொடுக்கிறது, நெஞ்சு தானாகத் துடிக்கிறது என்று சொல்லு. யூரின் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டு. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்குவதைக் காட்டு. காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு. காசைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை பேசாதே, பில்லிங்குக்கு அனுப்பிவிடு.

இளநீர் கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள் என்றாயே. கிட்னி வேலை செய்யாதவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஏறினால் நெஞ்சே நின்றுவிடும், அதில் தாட்சண்யம் பார்க்காதே. ஆனால் திருநீறு கேட்டால் பூசவிடு. தர்கா கயிறா, ஊசி போட்ட கையைத் தவிர்த்து வேறெங்காவது கட்டிக்கொள்ளட்டும். கோவில் தீர்த்தத்தைப் பஞ்சில் தொட்டு நெற்றியில் வைத்தால் யாருக்கு என்ன குறை? முடியாது என்று சொல்ல வேண்டியவை அங்கே நிறைய இருக்கின்றன. முடிகிறதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்துவிட்டால், முடியாததைச் சொல்லும்போது கேட்பார்கள்.

நடுராத்திரி அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டு மானிட்டர் நம்பரெல்லாம் கேட்கிற மகனும் புதிதில்லை. ஊரில் இல்லாத பிள்ளை கடைசி நேரத்தில் வந்து எல்லாவற்றையும் செய்யச் சொல்லி மல்லுக்கு நிற்பதை, 1991-லேயே ஒரு மருத்துவ இதழில் 'கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்று பெயர் வைத்து எழுதினார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் அவளை நியூயார்க்கிலிருந்து வந்த மகள் என்பார்களாம்! குடும்பத்தில் ஒருவரை மட்டும் பேசச் சொல்லிக் கேஸ் ஷீட்டில் பெயரை எழுதிவை. மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

"நல்லாயிடுவாங்களா சிஸ்டர்?" என்றால் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதே. "பிரஷர் இறங்காம இருக்கப் போடற மருந்தை நேத்தை விடக் கூட்டியிருக்கோம், டாக்டர் பதினோரு மணிக்குப் பேசுவார்" என்று சொல்லு. அந்தப் பதினோரு மணிக்கு டாக்டரைப் பிடித்து இழுத்து வருவது உன் பொறுப்பு. 2007-ல் பிரான்ஸின் 22 ஐசியூக்களில் நடந்த ஓர் ஆய்வை வகுப்பில் சொல்வேன், எல்லாம் பிழைக்க வழியில்லாத நோயாளிகளின் குடும்பங்கள். ஒரு பகுதியினருக்கு ஒரு சிறு கையேடு கொடுத்து, முறையாக உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு 20 நிமிஷத்திலிருந்து 30 ஆனது. அதில் குடும்பத்தார் வாய் திறந்து பேசிய நேரம் 5 நிமிஷத்திலிருந்து 14 ஆனது. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது அவர்களிடம் மனப் பாதிப்பு குறைந்திருந்தது. சொல்வதைவிடக் கேட்பதுதான் அங்கே வேலை செய்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் மூன்று பெட்டைத் தலையில் கட்டிக்கொண்டு எப்படிம்மா செய்வது என்று நீ கேட்பாய். நியாயம்தான். ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு. உங்கள் மேனேஜ்மெண்ட் புன்னகையோடு பேசுவது எப்படி என்று வகுப்பு எடுக்கிற காசில் இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கலாம்.

போனை வைக்கும்போது, அந்த மருமகன் உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான் என்று மெதுவாகச் சொன்னாயே, அது வேறு விஷயம். இதுவரை சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டரைக் கத்தியால் குத்தியது ஒரு நோயாளியின் மகன். அப்பாவின் பயம் அதுதான். மருத்துவமனை ஊழியரைத் தாக்கினால் 3 முதல் 10 வருஷம் வரை சிறை என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஜாமீன் தானாகக் கிடைக்காத குற்றம். தனியாருக்கும் அது பொருந்தும். நடந்ததை நேரத்தோடு எழுதி, பக்கத்தில் நின்றவளின் கையெழுத்தோடு நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் கொடு. ஒரு நகலை நீ வைத்துக்கொள். "விடும்மா, பாவம், கவலையில இருக்காங்க" என்று யாராவது சமாதானம் பேசினால், எழுதிக் கொடுத்த பிறகு அவர்களைப் பாவம் பார்க்கச் சொல்.

ஒரே நர்ஸ் தொடர்ந்து பார்த்தால் குடும்பத்துக்கு நம்பிக்கை வரும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேஸில் வேண்டாம். நாளை டூட்டி மாறி ஓவர் எடுக்கும்போது ஆறாம் பெட்டுக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி இன்சார்ஜிடம் கேட்டுவிடு. அவர் மறுத்தால் எனக்கு உடனே போன் பண்ணு.

இப்படிக்கு,
அம்மா