முதல் தகவல் குப்பத்துக்கும் வரட்டும்

கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2017 ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று எல்.பி.ஜி. இறக்கிவிட்டு வெளியே போன பி.டபிள்யூ. மேப்பிள், இன்னொன்று எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். எண்ணெய் கசியவில்லை என்றுதான் முதலில் செய்தி வந்தது. அப்புறம் கொஞ்சம்தான் என்றார்கள். பின்னாளில் கணக்கு 200 டன்னைத் தாண்டியது.

அந்த வாரம் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் பக்கெட்டோடு நின்றவர்களில் நானும் ஒருவன். கசடு தாராகக் குழைந்து கிடந்தது. அரை பக்கெட் அள்ளினாலே கை இழுக்கும். சோப்புக்கு மசியாது, தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் கை கழுவினோம். கல் இடுக்கில் நண்டுகள் கறுப்பாக, அசையாமல் இருந்தன. மீன் வாங்க வந்தவர்கள் செவுளைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டினார்கள். எண்ணெயே படாத மீனுக்கும் அன்று விலை இல்லை.

1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 358ஆம் பிரிவு, விபத்து நடந்தால் கப்பல் தலைவர் உரிய அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றது. சரி. அந்த அதிகாரி கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூடக் கிடையாது. வலையை எடுத்துக்கொண்டு முதலில் கடலில் இறங்குகிறவருக்குத்தான் கடைசியில் தெரிகிறது. 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. அதன் விதிகளிலாவது இதைச் சேருங்கள்.

எந்தத் தொட்டி உடைந்தது, அதில் எத்தனை டன் இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம்? இவை கப்பலிலேயே அளந்து பார்க்கக்கூடியவை. எவ்வளவு கொட்டியது என்று உறுதியாகத் தெரியும்வரை, உடைந்த தொட்டியில் இருந்த முழு அளவையும் முதல் அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் அதற்கேற்ற ஆட்களும் கருவிகளும்தான் வருவார்கள், வாளியும் கையுமாக நாங்கள் நிற்க வேண்டியிருக்கும். கசிவு இல்லை என்று சொல்வதானால், யார் போய்ப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

அந்த அறிக்கையின் நகல் ஒன்று தமிழில், அதே நாளில் மீனவப் பஞ்சாயத்துக்கு வர வேண்டும். குப்பத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது. தாள் கைக்கு வந்தால் பத்தே நிமிடம், எல்லாப் படகுக்கும் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
எர்ணாவூர்க்காரன் ஒருவன்