ஒரு 2பி பென்சிலுக்கு நன்றி

சனிக்கிழமை கச்சேரிக்கு வந்தவர்களுக்கும், வர நினைத்து வர முடியாமல் போனவர்களுக்கும், சமூக மன்றத்துக் காற்றிசைக்குழுவின் அலமாரிச் சாவிக்காரி எழுதிக்கொள்வது.

எங்கள் நடத்துநருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. உங்களில் பலர் அந்த இரவு மருத்துவமனை வராந்தாவில் எங்களோடு நின்றவர்கள். மற்றவர்களுக்கும் செய்தி வந்து சேர்ந்திருக்கும். நடத்துநர் இப்போது எழுந்து உட்காருகிறார். கச்சேரியின் பதிவை மருமகள் போட்டுக் காட்டினாராம். முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நடுப்பகுதி வேகம் அதிகம்" என்றாராம். அவர் வாயிலிருந்து குறை வந்துவிட்டது. எங்களுக்கு அதற்குமேல் பாராட்டு வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் யாராவது விட்டுப்போவார்கள், பிறகு அதற்கு ஒரு மன்னிப்பு மடல் எழுத வேண்டிவரும். அதனால் ஒருவரைப் பற்றி மட்டும் நீளமாக எழுதிவிட்டு, மற்றவர்களைக் கடைசியில் சேர்த்து வைத்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

கச்சேரிக்கு ஐந்து வாரம் இருந்தது. அவர் போட்டுவைத்திருந்த நிகழ்ச்சியை அவர் இல்லாமல் வாசிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உதவி நடத்துநர் சின்னப் பெண், தொடக்கப்பள்ளியில் இசை கற்பிப்பவர். "கோலை நான் எடுத்துக்கொள்கிறேன் அக்கா. எதை வாசிப்பது என்பதை மட்டும் நீங்கள் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். நான் வாசிப்பது மூன்றாம் கிளாரினெட். அலமாரிச் சாவி என் கைப்பையில் கிடக்கும் ஒரே காரணத்தால், இசைத்தாள்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று குழுவில் ஒரு நம்பிக்கை. அரிசி மூட்டைக்குக் காவல் இருப்பவளுக்குச் சமைக்கவும் தெரிய வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா?

நான் செய்த முதல் காரியம், பழைய பதிவுகளை எடுத்துக் கேட்டது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி நாள்களில் என்னைச் சிலிர்க்கவைத்த, அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்ஃபிரட் ரீடின் 'ஆர்மீனிய நடனங்கள்' நேராக மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆர்மீனியப் பாதிரியாரான கோமிதாஸ் சேகரித்த நாட்டுப்பாடல்களை வைத்து 1970களில் ரீட் எழுதியது. சிங்கப்பூரில் பள்ளி பேண்டில் வாசித்து வளர்ந்தவர்களிடம் அதன் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். நடத்துநருக்கும் பிடித்தது. அவருக்காக வாசிக்கிறோம், பெரிதாகவே வாசிப்போம் என்று நினைத்தேன். துயரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பெரிது என்ற சொல்லின்மேல் ஏனோ ஒரு மோகம் வந்துவிடுகிறது.

முதல் வியாழக்கிழமை ஒத்திகைக்கு 31 பேர் வந்தார்கள். எட்டில் ஐந்து என்று போட்டிருக்கும் பகுதி, ஐந்து ஐந்தாக எண்ண வேண்டியது, நம் கணக்கில் கிட்டத்தட்ட கண்ட சாபு தாளம், அங்கே போய் எல்லோரும் சேர்ந்து விழுந்தோம். எழுந்தோம், மறுபடி விழுந்தோம். நான்கு ஹார்ன் வேண்டிய இடத்தில் ஒருவர். பசூன் கிடையாது. ஓபோ வாசிக்கும் பெண் தேர்வென்று போய்விட்டாள். இரண்டாம் ஆல்டோ சாக்சஃபோன் வாசிக்கும் உயர்நிலை மூன்று படிக்கும் பையன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முந்திக்கொண்டு வந்தான். நான் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தேன். நல்ல பார்வை இல்லை.

ஒத்திகை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சீனப் பெரியவர் நின்றார். பக்கத்து அறையில் பேத்திக்கு வூஷூ என்னும் சீனத் தற்காப்புக் கலை வகுப்பு. கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ. இரண்டு மாதமாக வியாழன்தோறும் அந்த நடைபாதை நாற்காலியில் உட்காருகிறவர். நாங்கள் யாரும் ஒரு முறைகூட உள்ளே கூப்பிட்டதில்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் அங்கிள் என்றே எழுதுகிறேன்.

"ஹார்ன் எத்தனை?" என்றார், மலாயும் ஆங்கிலமும் கலந்து.

"ஒன்று."

"தாளில்?"

"நான்கு."

"பிறகு அந்தப் பையனை ஏன் முறைத்தாய்?"

எனக்குப் பதில் இல்லை. அவனுடைய தாளை எடுத்துப் பார்த்தார். அந்தப் பையன் முந்திக்கொண்டு வந்த இடத்தில், அவனுக்குப் பிடிமானமாக இருக்க வேண்டிய ஹார்ன்கள் எங்கள் குழுவில் இல்லை. காலியான நாற்காலிகளைக் கேட்டு அவன் எப்படி எண்ணுவான்?

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார், பேத்தி இல்லாமல். அலமாரியைத் திறக்கச் சொன்னார். ராணுவ இசைக்குழுவில் முப்பது ஆண்டு யூஃபோனியம் வாசித்தவர் என்பதே அன்றுதான் தெரிந்தது. ஒருவர் இசைத்தாள் தேர்ந்தெடுப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கேட்டுத்தான் பழக்கம். அவர் தலைப்பைப் பார்க்கவில்லை. பதிப்பகத்தார் அட்டையில் போடும் கடினநிலை எண்ணையும் பார்க்கவில்லை. எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த முழு ஸ்கோரின் முதல் பக்கத்தில் தாளவாத்தியப் பட்டியலை விரலால் தொட்டுக்கொண்டே போனார். நான்கு டிம்பனி, மாரிம்பா, குழாய் மணிகள் என்று நீண்டால் மூடி வைத்தார். பிறகு முதல் ட்ரம்பெட்டின் உச்சஸ்வரம் எது, அது எவ்வளவு நேரம் நிற்கிறது. பிறகு பசூனோ ஓபோவோ துணையில்லாமல் தனியாக வரும் இடம் எது. கடைசியாக, எனக்கு விசித்திரமாகப் பட்ட ஒன்று செய்தார். வாத்தியத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வலதுபக்கக் கீழ்மூலையைப் பார்த்தார். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இருக்கிறதா என்று!

அன்று மாலை முடிவானது ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய 'ஃபர்ஸ்ட் சூட் இன் ஈ ஃபிளாட்'. எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம்தான். எல்லோரும் வாசிப்பது, பாடப்புத்தகம் மாதிரி என்று நினைத்தேன். அங்கிள் சொன்ன காரணத்தைக் கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டேன். 19 பேர் இருந்தால் வாசித்துவிடலாம், மற்ற வாத்தியங்கள் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்னும்படி ஹோல்ஸ்ட் அதை அமைத்திருக்கிறார். கைநரம்புக் கோளாறால் பியானோவை விட்டு, வாத்தியக் குழுக்களில் ட்ராம்போன் ஊதிப் பிழைத்த மனிதர். எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. (சமஸ்கிருதம் கற்று ரிக் வேதப் பாடல்களை மொழிபெயர்த்து இசையமைத்தவரும் இவரே. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் நின்று சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.)

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. மூன்று பகுதிகளும் ஒரே மெட்டிலிருந்து கிளம்புவதால், இடையில் நிறுத்தாமல் தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்று ஹோல்ஸ்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் சின்ன நடத்துநர் அதை மீறமாட்டேன் என்று நின்றார். சரி, முதல் பகுதியின் கடைசி ஸ்வரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஊதிக்கொண்டிருப்பவன் எந்தக் கையால் பக்கம் திருப்புவான்? ஒத்திகையில் அந்த இடத்தில் தாள் சரசரக்கும் ஓசை, பிறகு பாதிப் பேர் இல்லாத தொடக்கம். இரண்டாம் ஆல்டோ பையன் ஒருமுறை தாளோடு தாங்கியையும் சேர்த்துக் கீழே தள்ளினான். அன்று நான் அவனைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வியாழன் அங்கிள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதற்குள் 2பி பென்சில், அழிப்பான், அடிக்கோல், காகித ஒட்டுநாடா. வூஷூ முடியும்வரை அந்த நடைபாதை நாற்காலியிலேயே உட்கார்ந்து, மறுபக்கத்தின் முதல் எட்டு தாளக்கட்டங்களை ஒரு நீளத் துண்டுத்தாளில் கையால் எழுதினார். அச்சிட்டதுபோல் இருந்தது. அதைப் பையனுடைய தாளின் ஓரத்தில் ஒட்டி, சிறகுபோல வெளியே விரியும்படி மடித்தார். இனி அவன் பக்கம் திருப்ப வேண்டியதில்லை. ஊதிக்கொண்டே கண்ணை வலப்பக்கம் நகர்த்தினால் போதும். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சின்னக் காற்புள்ளி. அது அச்சில் இல்லாதது. அவன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்பதை வெளியிலிருந்தே கேட்டு வைத்திருக்கிறார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. மூன்று வியாழன், மூன்று ஞாயிறு. இல்லாத மூன்று ஹார்ன்களின் வரிகளை, ஆல்டோ சாக்சஃபோன்களுக்கு ஓய்வு வரும் இடங்களிலெல்லாம் சின்னச் சின்ன ஸ்வரங்களாகப் பென்சிலில் எழுதிச் சேர்த்தார். ஹார்ன் தாளில் இருப்பதை அப்படியே எழுதினால் ஆல்டோவில் வேறு ஸ்வரம் ஒலிக்கும். ஒவ்வொன்றையும் ஒரு முழு ஸ்வரம் மேலேற்ற வேண்டும். பசூன் வரியை டெனார் சாக்சஃபோனுக்குக் கொண்டுபோவது இன்னும் பெரிய கணக்கு. எல்லாம் மனத்தில், கோப்பியை உறிஞ்சிக்கொண்டே. "கணினியில் செய்தால் அரை மணியில் முடியுமே அங்கிள்" என்று ஒருநாள் கேட்டேன். "முடியும்" என்றார். தொடர்ந்து எழுதினார்.

சனிக்கிழமை மேடையில் அந்த இடம் வந்தபோது என் கிளாரினெட்டைவிட என் காது அந்தப் பக்கம்தான் இருந்தது. கடைசி ஸ்வரம் நின்றது. சின்ன நடத்துநர் கோலைக் கீழே இறக்கவில்லை. சரசரப்பே இல்லை. நேராக இரண்டாம் பகுதி. வேகம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். பயத்தில் ஓடினோம். ஆனால் 31 பேரும் சேர்ந்து ஓடினோம்.

அங்கிள் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுக் கைதட்டல் முடிவதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள் குழுவின் சார்பில் ஓர் அங்பாவ் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்பு உறையை வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் விடாமல் நின்றதைப் பார்த்து, "அழிப்பான் தேய்ந்துவிட்டது. ஒன்று வாங்கிக் கொடு" என்றார்.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் நாகஸ்வரம் வாசித்தவர். சுவாமி புறப்பாடு என்றால் மல்லாரி, கம்பீரநாட்டை. எதை வாசிப்பது என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டதாக வீட்டில் யாரும் சொன்னதில்லை. வேளையே அதை முடிவு செய்துவிடும், தாள் என்று ஒன்றும் கிடையாது. எங்களுக்கோ ஓர் அலமாரி நிறையத் தாள். அதில் கைவிட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரைத் தடுமாறவைக்கவோ காப்பாற்றவோ போகிறோம் என்பது இந்த ஐந்து வாரத்துக்கு முன் எனக்கு உறைத்ததே இல்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு நான் பதிவு எதையும் கேட்கப்போவதில்லை. முதலில் வருகைப் பட்டியல், பிறகு வலதுபக்கக் கீழ்மூலை. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரியின் உள்கதவில் ஒட்டியிருக்கிறேன், நான் மறந்தால் நீங்கள் காட்டுங்கள்.

இனி மற்றவர்கள். எங்கள் ஹோல்ஸ்ட் தொகுப்பில் பாதித் தாள்கள் காணாமல் போயிருந்ததால் தங்களுடையதைக் கேட்டவுடன் கொடுத்த பக்கத்துக் குழுவினர். டிம்பனியைக் கடன் கொடுத்த பள்ளி. ஒரு நடைக்குக் கூலி வாங்கிக்கொண்டு இரண்டு நடை வந்த லாரிக்காரர். பிராஸ் பசாவில் கடை மூடும் நேரத்தில் மறுபடி விளக்கைப் போட்டு வாத்தியத்தில் வைத்து ஊதும் நாணல் சீவலைத் தேடித் தந்த கடைக்காரர். பத்து மணிக்குமேலும் குளிரூட்டியை அணைக்காமல் தெரியாததுபோல் இருந்த சமூக மன்ற ஊழியர்கள். ஒத்திகைக்குப் பீஹூன் கொண்டுவந்த தாய்மார்கள். என் பிள்ளைகளை ஐந்து வாரம் பார்த்துக்கொண்ட என் அம்மா. ஒற்றை ஹார்னாக நின்று நால்வருக்கு ஊதிய மனிதர். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒரு வேலை பாக்கி. இரவல் தாளில் பென்சிலால் மட்டுமே எழுதலாம், திருப்பிக் கொடுக்குமுன் அழித்துவிட வேண்டும் என்பது வழக்கம். புதிய அழிப்பானோடு உட்கார்ந்தபோது பக்கத்துக் குழுவிலிருந்து செய்தி வந்தது: அவர்களுக்கும் பசூன் இல்லையாம், அப்படியே கொடுக்கச் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்துக் கட்டி வைத்துவிட்டேன். இரண்டாம் ஆல்டோ தாள் மட்டும் இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வரை கேட்கமாட்டேன்.