வெயிலில் நிற்பவர்களின் உதடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் 'உதட்டுப் புற்று புகையிலைக்காரர்களின் நோய்' என்று ஒரு வரி. எழுதியவர் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். அதைப் படித்துவிட்டு என் அப்பா பத்திரிகையை மூடி வைத்துவிட்டார். புகையிலையைத் தொட்டே அறியாதவர். ஆயுளெல்லாம் சாலை போடும் வேலையில் வெயிலில் நின்றவர்.

அவர் கீழுதடு செதில் செதிலாக உரியும். உரித்த இடத்திலேயே மறுபடி வரும். உதட்டின் சிவப்பு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி அந்த விளிம்பே மங்கிப் போயிருந்தது. டாக்டரிடம் போனால் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" இல்லை என்றால் நம்ப வேண்டுமே! வெயிலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வேறொரு டாக்டர் திசு எடுத்துப் பார்க்கச் சொல்வதற்குள் புண் கெட்டியாகிவிட்டது.

சூரியக் கதிர் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே சொல்லிவிட்டது தாங்கள் அறியாததல்ல. கீழுதட்டில்தான் வெயில் நேராக விழுகிறது. அங்கே மேல்தோல் மெலிசு, காக்கும் நிறமியும் குறைவு. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து கூடும், மறுக்கவில்லை. ஆனால் போன கோடையில் உதட்டு வெடிப்புக்கு அழகுக் குறிப்பு போட்டீர்களே, ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை உண்டா? புற்றுநோய்க் கட்டுரை என்றாலே சிகரெட் படம்தான். இதைப் பற்றி முன்பே எழுதினேன். தங்களுக்கு இடமில்லை போலும்.

அப்புறம், உதட்டுப் புற்று பற்றிய அந்த எபிஜெனடிக் பெட்டிச் செய்தி. எபிஜெனடிக் என்றால், மரபணுவைத் திருத்தாமலே அதன் வேலையைக் கூட்டுவதும் குறைப்பதும். டிஎன்எம்டி என்ற நொதிகள் டிஎன்ஏ மீது மீத்தைல் என்ற சின்ன வேதித் துணுக்கை ஒட்டுகின்றன. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. ஆனால் ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டினால், புற்றை அடக்க வேண்டிய மரபணு வாயடைத்துப் போகும். வெயிலால் கெட்ட உதட்டிலும் உதட்டுப் புற்றிலும் ஆய்வாளர்கள் இந்த நொதிகளைத் தேடிப் பார்க்கிறார்கள். நல்ல ஆராய்ச்சிதான். அதற்காக 'விரைவில் மருந்து' என்று தலைப்பிடலாமா? இந்த நொதிகளைத் தடுக்கும் அசாசிட்டிடினுக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது எலும்பு மஜ்ஜை நோய்க்கு, உதட்டுக்கு அல்ல. தங்கள் தலைப்பை நம்பிப் புண்ணோடு காத்திருப்பவருக்கு யார் பதில் சொல்வது? உதட்டில் வரும் இந்தப் புற்று, தோலில் வருவதைவிடச் சுலபமாகக் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் அகல விளிம்புத் தொப்பியும், கதிர் தடுக்கும் உதட்டுக் களிம்பும் பயன்படுத்தட்டும்; மூன்று வாரமாகியும் ஆறாத புண் என்றால் திசுப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கட்டும். சிகரெட் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி