கழுதைக்கும் தெரிந்த தேற்றம்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். "பார்த்தாலே தெரியுதே, இதைப் போய் எதுக்கு நிரூபிக்கணும்?" என்று வடிவியல் பாடத்தில் பேரன் கேட்டதற்கு அவனை அதட்டியதாகப் போனில் சொன்னாயே, அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதட்டாதே கண்ணு. பெரிய பெரிய ஆட்களே கேட்ட கேள்வி அது.

கி.மு. 300 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த கணித மேதை யூக்ளிட், 13 பாகங்களாக 'எலிமெண்ட்ஸ்' என்ற கணித நூலை எழுதினார். முதல் பாகத்தின் 20ஆவது தேற்றம், முக்கோணத்தின் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்கிறது. எபிகூரஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானியின் வழிவந்தவர்கள் இதைக் கேலி செய்தார்கள். முக்கோணத்தின் ஒரு மூலையில் கழுதையை விட்டு இன்னொரு மூலையில் வைக்கோலைப் போட்டால், அது மூன்றாவது மூலையைச் சுற்றாமல் நேராகத்தானே போகும்? கழுதைக்கே தெரிந்ததற்கு நிரூபணம் எதற்கு என்றார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் புரோக்ளஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானி இதைக் குறிப்பிட்டுப் பதிலும் எழுதினார்: கண்ணுக்குத் தெரிவது வேறு, ஏன் அப்படி என்று அறிவது வேறு.

அவனை ஜியாமெட்ரி பாக்ஸை எடுக்கச் சொல். ஒரு கோடு போடட்டும். கவராயத்தின் முள்ளை ஒரு முனையில் ஊன்றி, பென்சிலை மறுமுனை வரை விரித்து ஒரு வட்டம். அப்புறம் முள்ளை மறுமுனைக்கு மாற்றி, அதே விரிப்பில் இன்னொன்று. வட்டங்கள் வெட்டும் புள்ளியை இரண்டு முனைகளோடும் சேர்த்தால் சமபக்க முக்கோணம். கோடு போடத்தான் ஸ்கேல், அதை வைத்து அளக்க விடாதே. மூன்று பக்கமும் ஏன் சமம் என்று அவனே சொல்லட்டும். யூக்ளிடின் முதல் தேற்றமே இதுதான்.

சொல்லிவிட்டானா? சரி, அந்த இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் என்று எப்படித் தெரியும் எனக் கேள். யூக்ளிடே அங்கே கண்ணை நம்பிவிட்டார். இப்படிப்பட்ட இடைவெளிகளை நிரப்பத்தான் 1899இல் ஜெர்மன் கணிதர் ஹில்பர்ட் எடுகோள்களையே, அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படைகளையே, புதிதாக எழுதினார்.

ஆனால் இணைகோடுகள் விஷயத்தில் யூக்ளிட் காட்டிய நேர்மைக்கு ஈடு கிடையாது. இரண்டு கோடுகளை மூன்றாவது ஒன்று வெட்டும்போது, ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணத்துக்குக் குறைந்தால், அந்த இரண்டு கோடுகளும் நீட்டினால் அந்தப் பக்கம் சந்தித்தே தீரும். இதுவும் பார்த்தாலே தெரிவதுதான். அவரோ இதை ஐந்தாவது எடுகோளாக வெளிப்படையாக வைத்தார். முதல் 28 தேற்றங்களில் அதைத் தொடவே இல்லை.

மற்ற எடுகோள்களிலிருந்து அதை நிரூபிக்க பாரசீகக் கவிஞரும் கணிதருமான உமர் கய்யாம் உட்பட எத்தனையோ பேர் முயன்றார்கள். ஹங்கேரியில் ஃபார்காஷ் போயாய் என்ற கணிதர் அதில் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே போகாதே என்று மகன் யானோஷுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். மகன் கேட்கவில்லை. அந்த எடுகோள் இல்லாமலே முரண்படாத வேறொரு வடிவியலைக் கட்டினான். அதில் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குக் குறைவு. ரஷ்யாவில் லோபசேவ்ஸ்கி தனியாக இதையே கண்டு 1829இல் வெளியிட்டிருந்தார். யானோஷ் எழுதியதை 1832இல் தன் சொந்தப் புத்தகத்தின் பின்னிணைப்பாக அச்சிட்டவர் யார் தெரியுமா? தடுத்த அதே அப்பாதான். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும்.

20ஆவது தேற்றத்தின் நிரூபணத்தைப் படத்தோடு தனியாக எழுதி அனுப்புகிறேன். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பது அதற்கு வேண்டும். அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வை.

அன்புடன்,
அம்மா