கதவுப் பிடியில் கை வைப்பதற்கு முன்

அன்புத் தங்கைக்கு,

"அவங்க நல்லவங்கதான்க்கா. ஆனா நான் பேசிட்டே இருக்கேன், அவங்க தலையாட்டிட்டே இருக்காங்க. சொன்னா வருத்தப்படுவாங்களே" என்றாய் போனில். உன் மனசை ஆற்றிக்கொள்ளப் போன இடத்தில், தெரபிஸ்டின் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையையும் நீயே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

நானும் அப்படித்தான் இருந்தேன். என் தெரபிஸ்டிடம் 50 நிமிடத்தை "பரவாயில்லை" என்றே ஓட்டிவிட்டு, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு, "அப்புறம்... ராத்திரி தூக்கமே இல்லை" என்பேன். வெளியே அடுத்தவர் காத்திருப்பார்.

ஒருநாள் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். கைக்குள்ளேயே வைத்திருந்ததில் வியர்வை பட்டு மை கலங்கிவிட்டது. வாய் வரவில்லை, சீட்டை நீட்டினேன். "நான் அழும்போது அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் வேண்டும்." படித்துவிட்டு, "எத்தனை நாளாக இதைச் சொல்ல நினைத்தீர்கள்?" என்று கேட்டார். மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம். எனக்கு உண்மையிலேயே உதவிய முதல் செஷன் அதுதான்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் உள்ள இந்த உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதற்காக வருகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம், இருவருக்கும் இடையே உள்ள பிணைப்பு. 'நல்லவங்க' என்கிறாயே, அது மூன்றாவது. முதல் இரண்டையும் நீங்கள் பேசவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. "நீங்கள் காது கொடுத்துக் கேட்பது மட்டும் போதவில்லை, பதற்றம் வரும்போது என்ன செய்வது என்று ஒரு வழி வேண்டும்" என்று நீயும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேள். அது குறை சொல்வது ஆகாது. கொடுத்த பயிற்சியைச் செய்யவில்லையா, ஏன் முடியவில்லை என்று சொல். சிலர் செஷன் முடிவில் 10 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள் உள்ள தாளைக் கொடுத்து, இன்று எப்படி இருந்தது என்று குறிக்கச் சொல்வார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் 'ரொம்ப நல்லா இருந்தது' என்ற முனையில் குறித்துவிடாதே.

சாகலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் சீட்டுக்கெல்லாம் காத்திருக்காதே. அடுத்த செஷன் வரையும் வேண்டாம், உடனே யாரிடமாவது சொல். உள்ளே போனால் முதல் வார்த்தை அதுவாக இருக்கட்டும்.

நீ சொல்லியும் அவர் உன்னையே குற்றம் சொன்னால், வேறொருவரிடம் போகலாம். அது துரோகம் இல்லை.

வியாழக்கிழமைதானே உனக்கு? புதன் ராத்திரி கூப்பிடு. என்ன எழுதினாய் என்று கேட்கமாட்டேன். எழுதிவிட்டேன் என்று மட்டும் சொல், போதும்.

அன்புடன்,
அக்கா