புதன்கிழமை மட்டும் வரும் தலைவலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கில் 18 ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஜெலுத்தோங், கெலுகோர் பக்கம்தான் என் ஓட்டம். புதன்கிழமை புறப்பாட நாள், அதாவது பள்ளி முடிந்து விளையாட்டு, கழகம் என்று பிள்ளைகள் தங்கும் நாள். அன்று காலை பத்து மணிக்கே வாட்ஸ்அப்பில் செய்தி வர ஆரம்பித்துவிடும். “அங்கிள், தம்பி இன்னைக்குத் திடலுக்குப் போகல. தலைவலின்னு டீச்சர்கிட்ட சொல்லியாச்சு. நேரா டியூஷன்ல இறக்கி விட்டுடுங்க.” போன மாதம் ஒரே புதனில் ஏழு பேருக்குத் தலைவலி. ஏழு பேரும் வேனில் ஏறிய கையோடு கெரோப்போக் (பொரித்த நொறுக்குத்தீனி) பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவன் இரண்டாம் படிவம், பதினான்கு வயதுப் பையன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் அவனைப் பார்த்தேன். 513 படிகள். அவன் கையில் பால்குடம்கூட இல்லை. நடுவில் மூன்று இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எழுபது வயது இருக்கும், ஒரு பாட்டி குடத்தோடு அவனைத் தாண்டிப் போனார். “ஓரமா உட்காருப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ள மலேசியப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள். பத்துப் பேருக்கு மூன்று பேர். வேனில் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் நான் பார்க்கும் கணக்கும் ஏறக்குறைய அதுதான்.

இந்த வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது குதிப்பது, ஏறுவது, தொங்குவது என்று எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கவும் சொல்கிறது. எலும்பு பலம் இ.பி.எஃப். சேமநிதிப் பணம் மாதிரி, சேர்க்கிற வயதில் சேர்க்காமல் அறுபதில் போய்க் கேட்டால் கிடைக்காது.

கண் விஷயம் வேறு இருக்கிறது. என் வேனில் இப்போது பாதிப் பிள்ளைகள் கண்ணாடி போட்டவர்கள். தைவானில் 2010-இல், பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே விடும் திட்டத்தை இதற்காகவே கொண்டுவந்தார்கள். வெளி வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் டோபமின் சுரக்கிறது, அதனால் கண் உருண்டை நீண்டு போவது குறைகிறது, கிட்டப்பார்வை வருவது தள்ளிப்போகிறது என்பது அவர்கள் கணக்கு. பார்வை மங்கிய தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அங்கே 2012-இல் 49.4 விழுக்காடு, 2015-இல் 46.1. அதுவரை ஏறிக்கொண்டே இருந்தது இறங்கியதுதான் பெரிய விஷயம். மாத்திரையா, மருந்தா? வெளியே விட்டார்கள், அவ்வளவுதான்.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகள் பள்ளி அணியில் வலைப்பந்து ஆடியவள். மூன்றாம் படிவத்தில், “வெயிலில் கறுத்துப் போகாதே, படிக்கிற வழியைப் பார்” என்று நிறுத்தியது நான்தான். அந்த ஆண்டு மார்க் ஏறவில்லை. ராத்திரியில் தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். பிறகுதான் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 146 நாடுகளின் கணக்கு. 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் 85 விழுக்காட்டினருக்குப் போதிய உடலசைவு இல்லை, ஆண்பிள்ளைகளில் 78. அந்த 85-இல் ஒருத்தியை நானே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் போய்விட்டது, மூன்றாம் படிவத்துக்கான பி.டி.3 தேர்வு 2022-இல் போய்விட்டது. டியூஷன் மட்டும் போகவில்லை. சரி, மார்க்தான் கவலை என்றால் இதையும் பாருங்கள்: அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான புள்ளியில் 100-க்கு 10 புறப்பாடத்துக்குத்தான். தலைவலிக்குப் புள்ளி கிடையாது.

எனக்கு ஒரு வேன்தான் இருக்கிறது. அதை வைத்து முடிந்ததைச் செய்திருக்கிறேன். புதன்கிழமை ஐந்து மணிக்கு இரண்டாவது நடை வருகிறேன், கூடுதல் காசு வேண்டாம் என்று பெற்றோர் குழுவில் போட்டேன். மூன்று வீட்டில் சம்மதித்தார்கள். மற்ற வேன்காரர்களும் இதை யோசிக்கலாம். ஒரு நடைக்கு ஆகும் எண்ணெய்க் காசு நம்மைச் சாய்த்துவிடாது.

போன புதன் நல்ல மழை. மூவரும் காலுறையெல்லாம் சேறாக வந்து ஏறினார்கள். தண்ணீர்மலைப் பையனும் அதில் ஒருவன். “அங்கிள், நான் கோல்கீப்பர்!” என்றான். எத்தனை கோல் விட்டான் என்று கேட்கவில்லை. இருக்கை பாழாகாமல் இருக்க உங்கள் பத்திரிகையைத்தான் விரித்து உட்கார வைத்தேன். படித்து முடித்ததுதான், தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓட்டுநர்,
ஜெலுத்தோங், பினாங்கு