மே 31-க்கு முன்

பெரம்பூர்,
18 மே 2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். இரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் எதை எழுதினாலும் நீல டிக் விழுகிறதே தவிரப் பதில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் மூன்று வாரமாக இல்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதனால்தான் தாளில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். எழுதப்போவது நம் கால்பந்து அணி சென்னையின் எஃப்.சி.யைப் பற்றித்தான். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, எந்த இடத்துக்குப் புதிதாக ஆள் எடுப்பது என்று ஒவ்வொரு கோடையிலும் அப்பா இருந்தவரை மூவருமாகவும், பிறகு நீயும் நானும் போனிலுமாகப் போட்டுவந்த பட்டியலை இந்த ஆண்டு நான் ஒருத்தியாக, மாதக் காலண்டரின் ஏப்ரல் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் போட்டிருக்கிறேன். நம் நாட்டில் பெரும்பாலான ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் மே 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் அதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் இந்தப் பருவம் நமக்குப் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது இடம் என்பதை எந்த வகையிலும் பூசி மெழுக முடியாது. தொடக்கம் எவ்வளவு நன்றாக இருந்தது! புவனேஸ்வரத்தில் ஒடிசாவை 3-2 என்று வென்ற இரவில், ஃபரூக் சவுத்ரி இரண்டாவது கோலை அடித்தபோது நீ அனுப்பிய குரல் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே, அதுவும் நம் சொந்த மைதானத்தில், அந்த ஆண்டுதான் ஐ.எஸ்.எல்.லுக்கு வந்த கொல்கத்தா அணியான முகமதனிடம் 1-0 என்று தோற்றோம். ஜனவரியில் கொல்கத்தாவில் அதே அணிக்கு எதிராக இரண்டு கோல் முன்னிலையில் இருந்தோம். தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது என்று நான் எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், கூடுதல் நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கி ஆட்டத்தைச் சமனாக்கிவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் கேரளாவுடன் ஆடிய ஆட்டத்துக்கு நான் நேரிலேயே போனேன். மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி, நாம் எப்போதும் போகிற வழியாகவே நடந்தேன். நம் வில்மர் ஜோர்டான் சிவப்பு அட்டை வாங்கி முதல் பாதியிலேயே வெளியேறினார். 3-1 என்று தோற்றோம். இடைவேளையில் உன்னிடமிருந்து ஒரு வரி வரும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. அன்றிலிருந்துதான் உன் செய்திகள் குறையத் தொடங்கின என்று இப்போது நினைத்துப் பார்க்கும்போது தோன்றுகிறது.

என் முதல் யோசனை, தற்காப்புக்கு முன்னால் நின்று எதிரணியின் ஓட்டத்தை முறிக்கிற நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரை எடுக்க வேண்டும் என்பது. கோல் அடிப்பவருக்குத்தான் எல்லாரும் அலைகிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் நாம் தொலைத்த ஆட்டங்களை எண்ணிப் பார்த்தால், அங்கே குறைந்தது கோல் அடிப்பவர் அல்லர். 2017-18-இல் அந்த இடத்தில் நம் வியாசர்பாடி தன்பால் கணேஷ் இருந்தார். அடுத்த ஆண்டு அவர் முழங்கால் அடிபட்டு உட்கார்ந்தார். சாம்பியனாக இருந்த அணி பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளி எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. ஒருவர் இல்லாததால் மட்டும் ஓர் அணி விழுந்துவிடாது என்று நீ அப்போது வாதாடினாய். அந்த வாதத்தை நான் இன்றும் ஏற்கவில்லை. ஒருவர் இல்லாவிட்டால் வீடே மாறிவிடுகிறது, அணி மாறாதா?

இரண்டாவது, கார்னர் பந்துக்குத் தலை கொடுக்கிற உயரமான நடுத் தற்காப்பாளர். பெங்களூரில் நடந்த 2018 இறுதிப் போட்டியில் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே நமக்கு எதிராகக் கோல் போட்டதும் நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய். அப்பா மட்டும் அசையவில்லை. கிரெகரி நெல்சன் தூக்கிப் போட்ட கார்னர் பந்துகளை நம் நடுத் தற்காப்பாளர் மைல்சன் இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே தள்ளிய பிறகு, அப்பா கேரம் பலகையைத் தரையில் போட்டு, சிவப்புக் காயை மைல்சனாக வைத்து, அவர் எங்கிருந்து புறப்பட்டு எங்கே வந்து எழும்பினார் என்று இரண்டாம் பாதி தொடங்கும் வரை நகர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். ஐ.சி.எஃப். மைதானத்தில் தற்காப்பில் ஆடிய மனிதருக்கு அதில்தான் மகிழ்ச்சி. அந்தச் சிவப்புக் காய் பிறகு காணாமல் போய், போன வாரம் பரண் சுத்தம் செய்தபோது கிடைத்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஆறு பேரைப் பதிவு செய்யலாம், களத்தில் நால்வர்தான் நிற்க முடியும். சம்பளத்துக்கு உச்சவரம்பும் இருக்கிறது. அப்படியிருக்கும்போது பெயருக்காக ஆள் எடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2014-இல் எலானோவையும் மட்டராசியையும் பார்க்க ஊரே திரண்டது உண்மை. நானும் அப்படித்தான் முதன்முதலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மைதானத்தின் படிக்கட்டில் ஏறினேன். ஆனால் 2015, 2018 என்று நாம் வென்ற இரண்டு கோப்பைகளிலும் பங்கு கொண்டவர் ரஃபேல் அகுஸ்டோ. அவரை இங்கு வருவதற்கு முன் நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? ஆகவே கானர் ஷீல்ட்ஸை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. அணி தோற்றுக்கொண்டிருக்கும்போதும் கடைசி நிமிடம் வரை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிற மனிதர் அவர். முன்னால் அவர் கொடுக்கிற பந்தை முடித்து வைக்க இளம் வயதில், பசியோடு இருக்கிற ஒருவர் போதும். பசி என்றதும் நினைவு வருகிறது, இரவில் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. பருப்பை வேகவைக்க அரை மணிகூட ஆகாது.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். நம் ஊர்ப் பிள்ளைகளை நம் அணி எடுக்க வேண்டும். 2020 இறுதிப் போட்டியில், கொரோனாவால் ஆளே இல்லாத கோவாவின் ஃபத்தோர்டா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி நம்மை 3-1 என்று தோற்கடித்தபோது, அவர்களுக்காக இடது ஓரத்தில் ஓடியவர் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். அப்பா பார்த்த கடைசி இறுதிப் போட்டி அது. தோற்ற வருத்தத்திலும் "நம்ம பையன்டா" என்று இரண்டு முறை சொன்னார். 2023-இல் ஈஸ்ட் பெங்கால் பல ஆண்டுகளுக்குப் பிறகு மோகன் பகானை வென்றது நம் சென்னைப் பையன் நந்தகுமார் அடித்த ஒரே கோலால். காரைக்குடிப் பக்கத்துச் சிவசக்தி பெங்களூருக்கு ஆடுகிறார். கோயம்புத்தூரில் 2019 மார்ச்சில் சென்னை சிட்டி என்ற வேறொரு கிளப் ஐ-லீக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள்! அங்கிருந்துதான் எட்வின் நம் அணிக்கு வந்தார். அந்தக் கிளப்பே இன்று இல்லை. தூத்தூரிலும் சின்னத்துறையிலும் கடற்கரை மணலில் ஆடுகிற பிள்ளைகளை யாரோ வந்து கொத்திக்கொண்டு போக, நாம் தொலைக்காட்சியில் அடையாளம் கண்டு கைதட்டிக்கொண்டிருக்கிறோம். வெளியே போய் ஆடட்டும், பெருமைதான். உன்னைப் பற்றியும் எனக்குப் பெருமைதான். ஆனால் திரும்பி வர நினைக்கும் நாளில் அவர்களுக்கு இங்கே ஓர் இடம் இருக்க வேண்டாமா?

ஒப்பந்தம் முடிந்து அனுப்பப்படுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டியலில் ஒருவருடைய பெயர் இல்லாமல் போவது அவர் செய்த குற்றம் அன்று. பயிற்சியாளர் மாறுவார், பணம் குறையும், ஆட்டத்தின் முறை மாறும், ஆள் அதே ஆளாகத்தான் இருப்பார். அணி இல்லாமல் நாலு மாதம், ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, வேறு அணிக்குப் போய் முன்னைவிட நன்றாக ஆடியவர்கள் உண்டு. அந்த மாதங்களில் அவர்கள் யாரிடமும் சொல்லாமல் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தார்களா, வீட்டுக்குப் போய்த் தாய் கையால் சாப்பிட்டார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை நீ இரண்டு நிமிடம் பேசினாயே, அப்போது உங்கள் ஊரில் காலை பதினொரு மணி. உன் தலைக்குப் பின்னால் உன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. நீ சட்டை மட்டும் இஸ்திரி போட்டதாக அணிந்திருந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதமும் வழக்கம்போல் முதல் தேதியே பணம் அனுப்பிவிட்டாய். அதை நான் தொடவில்லை, அப்படியே இருக்கிறது. அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் எனக்குப் போதும். அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம்.

உனக்குப் பதினேழு வயதில், மாவட்ட அணிக்கான இறுதிப் பட்டியலில் உன் பெயர் இல்லை. பத்தொன்பது நாள் நீ மாலை நான்கு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். மழைக்காலம் அது, குவார்ட்டர்ஸ் மைதானம் முழுக்கச் சேறு. உன் பூட்ஸைக் கழுவலாம் என்று எடுத்துத் திருப்பினேன். அடியில் இருந்த ஸ்டட்களின் இடுக்கில் ஒரு துளி மண்கூட இல்லை. நீ வந்ததும் நான் உன்னிடம் கேட்டது, "இத்தனை நாள் எங்கே போனாய்" என்பதுகூட இல்லை. "நான் நாளைக்கு இந்தக் குவார்ட்டர்ஸில் யார் முகத்தில் விழிப்பது" என்றுதான் கேட்டேன். பொய் சொன்னதற்காகக் கண்டித்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. பட்டியல் வருவதற்கு முன்பே மூன்று பிளாக்கிலும் போய், என் மகன் மாவட்ட அணியில் ஆடப்போகிறான் என்று இனிப்போடு சொல்லிவிட்டு வந்தவள் நான். நீ பத்தொன்பது நாள் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தது பட்டியலுக்குப் பயந்து இல்லை, எனக்குப் பயந்து. தோற்றால் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று உனக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான். அப்பாவுக்கு அது தெரியும். "அவன்கிட்ட நீ ஒரு வார்த்தை பேசிடு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினான்கு ஆண்டுகள் தாமதமாக இப்போது பேசுகிறேன். என்னை மன்னித்துக்கொள், தம்பி. போன தீபாவளிக்குக்கூட உனக்குப் பதவி உயர்வு வரப்போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அதையும் நீ யாரிடமிருந்தோ கேள்விப்பட்டிருப்பாய். இனி யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன்.

2015-ஐ நினைத்துக்கொள். பருவத்தின் பாதியில் நாம் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தோம். டிசம்பர் வெள்ளத்தில் இந்த வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அரையிறுதியைக்கூட நம் ஊரில் ஆட முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். இறுதிப் போட்டியின் தொண்ணூறாவது நிமிடம் வரை கோவா முன்னிலையில் இருந்தது. மாடி வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால், காய்ந்தும் காயாத பாயில் உட்கார்ந்து, மெண்டோசா அடித்த கடைசிக் கோலுக்கு நீ கத்திய சத்தத்தில் கீழ்வீட்டுக் குழந்தை விழித்து அழுதது. அன்று நம்மிடம் மாற்றுத் துணிகூடச் சரியாக இல்லை.

பட்டியலை இதனுடன் வைத்திருக்கிறேன். கோல் கீப்பரிலிருந்து முன்வரிசை வரை எழுதிவிட்டேன். பெயர் தெரியாத இடங்களில் எப்படிப்பட்டவர் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வலது பின்வரிசைக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அது நீ ஆடிய இடம், அதற்கு யார் சரிப்படுவார் என்பது உனக்குத்தான் தெரியும். ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. உனக்குக் காலை எட்டு மணி ஆகும்போது இங்கே பதினொன்றரை. சமையலை முடித்துவிட்டுப் போன் பக்கத்திலேயே இருப்பேன். வேறு எதுவும் பேசத் தோன்றாவிட்டால் அந்த ஒரு பெயரை மட்டும் சொல். உன் அறையைச் சுத்தம் செய்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா